ஏலகிரியில் ஓர் இரவு, காவலூரில் ஒரு சனிக்கிழமை: ஆசிரியர் விடுமுறைக்குத் தேறுமா?

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து ஸ்டாஃப் ரூம்களில் "லீவுக்கு எங்க சார் போறீங்க?" என்ற பேச்சு எழுந்தால் முதலில் விழும் பெயர் ஏலகிரி. அடுத்து யாராவது ஒரு சயின்ஸ் டீச்சர் காவலூர் வான் ஆய்வகத்தைச் சொல்வார். "அங்க என்ன இருக்கு, வெள்ளையா நாலு டோம் நிக்கும்" என்று பக்கத்து நாற்காலி அதைத் தட்டிவிடும். இரண்டும் இன்று திருப்பத்தூர் மாவட்டம், அன்றைய வட ஆற்காடு. ஒரே பயணத்தில் இரண்டையும் சேர்த்துவிடலாம். சேர்த்தால்தான் காசுக்கும் நேரத்துக்கும் கட்டும்.

தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடலாம். ஏலகிரி தூங்குவதற்கு நல்ல ஊர், சுற்றிப் பார்ப்பதற்குச் சுமாரான ஊர். காவலூரில் தங்கவும் சாப்பிடவும் பெரிதாக எதுவும் கிடையாது. பார்க்க இருப்பதோ நம் பக்கத்தில் வேறெங்கும் கிடைக்காத சரக்கு. ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஏலகிரிக்கு மூன்று, காவலூருக்கு நாலரை. அந்த அரை மதிப்பெண் மேகத்துக்காகக் கழித்தது.

முதலில் விடுமுறைக் கணக்கு. வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோல வாத்தியாருக்கு ஒரு மாதம் முழுசாகக் கையில் வருவதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எடுப்பவர்களுக்குத் தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் முகாம். மே மாதத்தில் ரிசல்ட், மாற்றுச் சான்றிதழ், சேர்க்கை. நடுவில் எண்ணும் எழுத்தும் மாதிரி ஏதாவது ஒரு பயிற்சி. தேர்தல் ஆண்டென்றால் அதுவும் சேரும். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளுக்கு விடைத்தாள் கட்டு கூடவே வீட்டுக்கு வருகிறது. ஐந்து செக்‌ஷன், செக்‌ஷனுக்கு நாற்பது பேர் என்றால் 200 தாள். தாளுக்கு 4 நிமிடம் வைத்தாலே 13 மணி நேரத்தைத் தாண்டும். அதற்குப் பிறகு மதிப்பெண் பதிவேற்றம். ஆக, ஒன்பது நாள் விடுமுறையில் உண்மையில் உங்களுடையது நாலு நாள்தான். அந்த நாலு நாளில் கேரளா பேக்கேஜ் போய் வந்தால், பள்ளி திறக்கும் நாளில் உடம்பு வகுப்பிலும் தூக்கம் பஸ்ஸிலும் இருக்கும். ஒரு இரவு, ஒன்றரைப் பகல் என்ற அளவு ஆசிரியர்களுக்குப் பொருந்துவது இதனால்தான்.

விடைத்தாள் கட்டை முதல் மூன்று நாளில் திருத்தி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். "அங்க போய் ரூம்ல உக்காந்து திருத்திக்கலாம்" என்று எடுத்துப்போனால் வேலை நடக்காது. டிசம்பர் மாத ஏலகிரியில் அறைக்குள்ளேயே ஈரம் இறங்கும். தாள் நமுத்துப்போய் சிவப்பு மை பரவும். கட்டில் ஒரு தாள் குறைந்தால் அதற்கு யாரிடம் போய் விளக்கம் சொல்வது?

இந்தப் பயணத்தின் அச்சாணி சனிக்கிழமை. காவலூர் வான் ஆய்வகம் பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் நாள் அதுதான். பகலில் பெரிய தொலைநோக்கியைக் காட்டுவார்கள். வானம் தெளிவாக இருக்கும் பருவத்தில், இருட்டியபின் சிறிய தொலைநோக்கி ஒன்றில் வானத்தையும் காட்டுவார்கள். அதனால் விடுமுறை எப்போது தொடங்குகிறது என்று பார்க்காமல், விடுமுறைக்குள் எந்தச் சனிக்கிழமை வருகிறது என்று பாருங்கள். வெள்ளி மதியம் ஏலகிரி ஏறி, இரவு தங்கி, சனி மதியம் இறங்கி, மாலை காவலூர், இரவு வீடு. ஞாயிறு முழு ஓய்வு. இந்த வரிசையை மாற்றிச் சனிக்கிழமை இரவை ஏலகிரியில் வைத்தால் இரண்டு நஷ்டம். வார இறுதி என்று அறை வாடகை ஏறியிருக்கும், பெங்களூரு கார்கள் வரிசைகட்டி நிற்கும். வெள்ளி இரவு பல இடங்களில் பேரம் பேச முடியும். சனி இரவு வாய் திறக்க முடியாது.

எந்த விடுமுறை? காலாண்டு விடுமுறைக்குப் பசுமை நன்றாக இருக்கும், வானம் கைகொடுக்காது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதலில் நம் பக்கம் மாலை மழை வழக்கம். பகலெல்லாம் வெயில் காய்ந்து ஐந்து மணிக்கு மேகம் திரளும். அப்போது போகிறவர்கள் காவலூர் இரவுக் காட்சியை மறந்துவிட்டு, ஏலகிரியோடு ஜலகாம்பாறை அருவியைச் சேர்த்துக்கொள்ளலாம். அருவியில் தண்ணீர் இருப்பதும் அந்த மாதங்களில்தான். மே மாதம் போனால் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அரையாண்டு விடுமுறை நடுத்தரம். குளிர் சுகம், வானம் பாதிக்குப் பாதி. வடகிழக்குப் பருவமழை முழுக்க விடைபெற்றிருக்காது. பொங்கல் விடுமுறை சனிக்கிழமையைத் தொட்டுக்கொண்டு வந்தால் யோசிக்காமல் கிளம்புங்கள். ஜனவரியிலிருந்து மே வரை காவலூருக்குத் தெளிவான பருவம். மே மாதத்துக்கும் வானம் நல்லது, ஆனால் ஏலகிரி கூட்டம். கோடை விழா நடக்கும் நாட்களில் அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது.

தேதி பிடித்ததும் வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். இது ராகுகாலத்துக்கு அல்ல, திதிக்கு. பிள்ளைகளோடு, முதல்முறை பார்ப்பவர்களோடு போகிறவர்களுக்கு வளர்பிறை பஞ்சமி முதல் நவமி வரை உள்ள சனிக்கிழமை நல்ல தேர்வு. பாதி நிலா மாலையிலேயே உயரத்தில் நிற்கும். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழுந்து, ஒவ்வொரு குழியும் ஆழத்தோடு தெரியும். பௌர்ணமியில் அதே நிலா தட்டையாகத் தெரியும். நிழல் இல்லை, கண் கூசும், மற்ற நட்சத்திரங்களும் அந்த வெளிச்சத்தில் கரைந்துவிடும். அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை நெபுலா என்னும் வாயு, தூசி மேகத்துக்கும் நட்சத்திரக் கொத்துகளுக்கும் உகந்தது. ஆனால் முதல்முறை பார்ப்பவர் "இதுதானா, புகை மாதிரி இருக்கே" என்று ஏமாறுவார்.

போக்குவரத்து. வேலூரிலிருந்து ஏலகிரி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி, ஆம்பூர், வாணியம்பாடி வழியாகத் திருப்பத்தூர் சாலை பிடித்துப் பொன்னேரியில் மலை ஏற வேண்டும். ரயிலில் போகிறவர்கள் காட்பாடியில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கலாம், ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று முன்னே பின்னே. பெயரைப் பார்த்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அது மாலையில் சென்னையில் கிளம்பி இரவில் ஜோலார்பேட்டை சேரும் வண்டி, மலைக்கு அப்போது பஸ் இருக்காது. காலையில் காட்பாடி வழியாகப் போகும் பிருந்தாவன் போன்ற வண்டிதான் உதவும். ஜோலார்பேட்டை, திருப்பத்தூரிலிருந்து மலைக்கு அரசுப் பேருந்து உண்டு. ஆனால் ஏலகிரிக்கு மட்டும்தான் பஸ் பயணம் தோது. காவலூரைச் சேர்த்தால் இரவுத் திரும்பல் பிரச்சினை வருவதால் சொந்த வண்டி அல்லது வேன் வேண்டும்.

இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வேன் பேசும்போது ரேட்டை மட்டும் கேட்டு வைக்காதீர்கள். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குக் காசு, மலைப்பாதைக்குத் தனி உண்டா, டோலும் பார்க்கிங்கும் யார் கணக்கு, இரவு தங்கினால் டிரைவர் பேட்டா எவ்வளவு, இரவு பத்து மணிக்குமேல் ஓட்டினால் இன்னொரு பேட்டாவா? இந்த ஐந்தையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு பெரும்பாலும் கடைசி பேட்டாவில்தான் வரும். காவலூரிலிருந்து கிளம்பவே எட்டரை, ஒன்பது ஆகிவிடும் என்பதை டிரைவரிடம் முன்கூட்டியே சொன்னால் பாதி சண்டை குறையும். 12 பேர் வேனில் 12 பேரை ஏற்றினால் பைக்கு இடம் இருக்காது. பத்தோடு நிறுத்துங்கள்.

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டைஊசி வளைவுகள். புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழாசிரியர் ஒருவர் வண்டியில் இருந்தால் பாரி, காரி, ஓரி என்று வரும்போதே பிள்ளைகளிடம் அடுத்த வளைவு யார் என்று கேட்டுக்கொண்டே வருவார். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு அதுவே மருந்து, கண் வெளியில் இருக்கும். அவர்களை முன் சீட்டில் வையுங்கள். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், பொங்கல், பூரி வேண்டாம். இறங்கும்போது காரோட்டிகள் செய்யும் வழக்கமான தப்பு, கியரை மேலே வைத்துக்கொண்டு பிரேக்கிலேயே இறங்குவது. ஆறேழு வளைவுக்குள் கருகல் வாசனை வரும், பிரேக் பிடிப்பு குறையும். இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வளைவுகளில் வண்டியை நிறுத்திப் பழம் தின்றால் குரங்கு கூட்டம் கதவு வரை வரும், கண்ணாடியை ஏற்றியே வையுங்கள்.

ஏலகிரியை "ஏழைகளின் ஊட்டி" என்பார்கள். ஊட்டி என்ற எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றம் நிச்சயம். ஊர் சுமார் 1,100 மீட்டர் உயரம், வேலூர் 200 மீட்டர் சொச்சம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஆக வேலூரில் 41 என்றால் ஏலகிரியில் 35. மதியம் வெயில் வெயில்தான். மாலை ஐந்துக்குமேல் காற்று மாறும், இரவு போர்வை வேண்டும். டிசம்பரில் ஸ்வெட்டர் கட்டாயம். மே மாதத்திலும் ஏ.சி. அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பது தேவையில்லை. ஜன்னலுக்குக் கொசுவலை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

அறை எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை வேறு. பல விடுதிகளில் வெந்நீர் காலையில் குறிப்பிட்ட நேரம் மட்டும். எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேளுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரா, வெறும் எமர்ஜென்சி விளக்கா? செக்-இன் மதியம் 12 என்றால் செக்-அவுட் மறுநாள் எத்தனை மணிக்கு? சனி மதியம் வரை அறை வேண்டும் என்பதால் இது நமக்கு முக்கியம். அத்தனாவூரை ஒட்டிய விடுதிகளில் சாப்பாட்டுக்கு நடந்தே போகலாம். நிலாவூர்ப் பக்கம் தள்ளி எடுத்தால் அமைதி அதிகம், ஆனால் ராத்திரி பசித்தால் வண்டி எடுக்க வேண்டும். தூங்கத்தான் போகிறோம் என்றால் நிலாவூர்ப் பக்கமே மேல்.

பார்க்க என்ன? புங்கனூர் ஏரி, படகுத்துறை, இயற்கைப் பூங்கா. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மிதிபடகு வெள்ளி மாலை காலியாக இருக்கும், சனி காலை பத்து மணிக்கு மேல் வரிசை. மிதிபடகில் கனமான இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் படகு வட்டமடிக்கும், எவ்வளவு மிதித்தாலும் கரை வராது. லைஃப் ஜாக்கெட் வாரை இடுப்பில் மாட்டாமல் தோளில் மட்டும் போட்டுக்கொள்வது பலருக்குப் பழக்கம். தண்ணீரில் விழுந்தால் அது தலைக்கு மேலே கழன்று போகும். பள்ளிப் பிள்ளைகளை அதட்டும் குரலிலேயே வீட்டுப் பெரியவர்களையும் அதட்டி மாட்ட வையுங்கள்.

நடக்கப் பிடித்தவர்களுக்குச் சுவாமிமலை உண்டு. மங்கலம் கிராமத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. சனி காலை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் திரும்பிவிடலாம். எட்டு மணிக்குத் தொடங்குபவர்கள் இறங்கும்போது வெயிலில் வாடுவார்கள். வழியில் தண்ணீர் கிடையாது, ஆளுக்கு ஒன்றரை லிட்டர். செருப்பு வேண்டாம், சரளையில் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம், ஒரு கோல் எடுத்துப்போனால் நல்லது. நாள் முழுக்க நின்றே பாடம் நடத்தி நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கும் காலுக்கு இது பரிந்துரை அல்ல. அவர்கள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரட்டும். ஜூன் வரை பலாப்பழக் கடைகள் இருக்கும். முழுப்பழம் வாங்குவதானால் அங்கேயே அறுத்துச் சுளையாகப் பாத்திரத்தில் போட்டு வாங்குங்கள். பழுத்த பழத்தை மூடிய வண்டியில் வைத்து 14 வளைவு இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சனி பதினொன்றரைக்கு இறங்கத் தொடங்குங்கள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு வழி. வாணியம்பாடி வந்தால் பிரியாணி, திருப்பத்தூர் போனால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெஸ்களில் சாப்பாடு. ஆம்பூர் வரை வந்து திரும்புவது சுற்று. அதை வெள்ளிக்கிழமை போகும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்துப் பிரியாணி சீரகச் சம்பாவில், காய்ந்த மிளகாய் ஊறவைத்து அரைத்த விழுதில் செய்வது. மசாலா வாசனை அடங்கி, கறியின் ருசி முன்னால் நிற்கும். கூட வரும் கத்தரிக்காயின் புளிப்புதான் அதற்கு ஜோடி. அது தீர்ந்துபோன கடையில் வெங்காயப் பச்சடியோடு சமாளிக்கச் சொல்வார்கள், அப்போது பக்கத்துக் கடைக்கு நடப்பதில் தப்பில்லை. இரண்டரைக்குமேல் போனால் அண்டாவின் அடி. சோறு உடைந்து, எண்ணெய் கீழே நின்றிருக்கும்.

இரவுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். காவலூரில் டீ, பிஸ்கட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். விடுதியில் புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ கட்டித்தரச் சொல்லலாம். தயிர்சாதம் என்றால் ஒரு விஷயம். காலை பத்து மணிக்கு வெறும் தயிர் ஊற்றிப் பிசைந்தால் இரவு ஏழுக்குப் புளித்துவிடும். சாதம் சூடு தணிந்தபின் காய்ச்சி ஆறிய பால் முக்கால் பங்கு, தயிர் கால் பங்குக்கும் குறைவாகச் சேர்த்துப் பிசையச் சொல்லுங்கள். மாலைக்குள் தானே உறைந்து பதமாக இருக்கும். வெங்காயம் போட வேண்டாம்.

வாணியம்பாடியிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ ஆலங்காயம் வந்து, ஜமுனாமரத்தூர் போகும் சாலையில் ஏறினால் காவலூர். ஏலகிரியில் கிளம்பியது முதல் சாப்பாட்டு நேரம் போக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆலங்காயத்தில் டீசல், பெட்ரோல், தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஜவ்வாது மலைக் காடு, செல்போன் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வரும்.

இனி காவலூர். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வான் ஆய்வகம். கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர். 1960-களில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் அட்சரேகை. பன்னிரண்டரை டிகிரி வடக்கில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். நகர வெளிச்சமும் தூரத்தில் இருந்தது. குறை, இரண்டு பருவமழையின் மேகமும் இங்கே வந்து சேர்வது. அதே நிறுவனம் பிற்பாடு லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் தொலைநோக்கி வைத்ததன் காரணத்தை இங்கே நின்று யோசித்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

பகல் சுற்றில் காட்டுவது 2.34 மீட்டர் தொலைநோக்கி. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தது. இந்தத் தொலைநோக்கிக்குக் கனவு கண்ட வானியலாளர் வைணு பாப்பு 1982-லேயே இறந்துவிட்டார். ஆடியை, அதாவது அதன் பெரிய கண்ணாடியை, அரைத்து மெருகேற்றியது அந்த நிறுவனத்தின் பெங்களூரு பட்டறையிலேயே. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் குழாய் எங்கே என்று தேடுவார்கள். இருப்பது திறந்த இரும்புச் சட்டகம், கீழே ஆடி, பக்கத்தில் குதிரைலாட வடிவில் ஒரு பெரிய வளையம். அந்த லாடத்தைக் கவனியுங்கள், இந்த இடத்தில் ஒரு முழு பூகோளப் பாடம் இருக்கிறது. தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தால், அந்த ஒற்றை அச்சைச் சுழற்றியே நட்சத்திரத்தைப் பின்தொடரலாம். அதற்கு அச்சு தரையோடு அந்த ஊரின் அட்சரேகை அளவு சாய்ந்திருக்க வேண்டும். காவலூரில் அது பன்னிரண்டரை டிகிரி. அதாவது கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. வகுப்பறை உருண்டையை வைத்து அட்சரேகை சொல்லித்தரும்போது பாதிப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். இந்தச் சாய்வைக் காட்டினால் ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

"இதுல நாங்க பாக்கலாமா?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். முடியாது. கண் வைத்துப் பார்க்கும் வில்லையே அதில் இல்லை. ஒளி கேமராவுக்கும், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைமானிக்கும் போகிறது. இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் கூட்டிவாருங்கள், பாதி ஏமாற்றம் அங்கேயே தீரும். வழிகாட்டுபவரிடம் விலை என்ன, எடை என்ன என்று கேட்டு நேரத்தைப் போக்காமல், 1 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றிக் கேளுங்கள். 1972-ல் வந்த ஜெர்மனியின் ஸைஸ் கருவி அது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று வெளிப்பட்ட 1977 மார்ச் 10 இரவில், அந்த வளையம் ஒரு நட்சத்திரத்தின் ஒளியைச் சில கணம் மறைத்ததைக் காவலூரிலிருந்தும் பதிவு செய்தார்கள். 1988-ல் இங்கே கண்டுபிடித்த குறுங்கோள் ஒன்றுக்கு ராமானுஜன் பெயர். கணக்கு ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லிக்கொள்ள நல்ல தகவல்.

இருட்டியபின் சிறிய தொலைநோக்கி. கூட்டம் பெருத்தால் ஆளுக்குச் சில விநாடிதான் கிடைக்கும், அதை வீணாக்கக் கூடாது. வரிசையில் நிற்கும்போதே போனைப் பைக்குள் போடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் திரும்ப முதலிலிருந்து. டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் கண்ணாடிக்காரர்கள் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், ஃபோகஸ் திருகிலேயே சரியாகும். சிலிண்டர் பவர் அதிகம் உள்ளவர்கள் கண்ணாடியோடு பார்க்க வேண்டும். குழாயைக் கையால் பிடிக்காதீர்கள். ஒரு பிள்ளை பிடித்து இழுத்தால் கோள் வட்டத்தை விட்டு வெளியே போகும், அதை மறுபடி பிடிக்கும் நேரம் வரிசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் நஷ்டம். கையைப் பின்னால் கட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு கட்டளை எப்படிப்பட்ட வாத்தியாருக்கும் கைவந்த கலைதானே.

புத்தகத்தில் வரும் வண்ணப்படம் தெரியாது. ஓரியன் நெபுலா சாம்பல் நிறப் புகையாகத்தான் இருக்கும். மங்கலான ஒளியில் நம் கண் நிறம் பார்க்காது, கேமரா நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்துத்தான் அந்தச் சிவப்பையும் நீலத்தையும் எடுக்கிறது. நேராக முறைக்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் அதே புகை விரிந்து தெரியும். வியாழன் வானில் இருக்கும் மாதமென்றால் அதன் நாலு நிலவுகளும் வரிசையில் நிற்கும். சனியின் வளையம் சிறியதாக இருந்தாலும், பார்த்ததும் பெரியவர்களே சத்தம் போடுவார்கள்.

வரிசைக்கு வெளியே நிற்கும் நேரமும் வீண் அல்ல. வடக்கே துருவ நட்சத்திரம் தேடுங்கள். அது அடிவானத்திலிருந்து அட்சரேகை அளவு உயரத்தில், இங்கே பன்னிரண்டரை டிகிரியில் நிற்கும். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அகலம் சுமார் 10 டிகிரி, அதற்குச் சற்று மேலே. மரமும் மேடும் மறைக்கலாம், இரண்டு அடி நகர்ந்து பாருங்கள். மே மாதம் இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே திரும்பினால், அடிவானத்துக்கு மேலே ஒன்றேமுக்கால் முஷ்டி உயரத்தில் தென்சிலுவை நிற்கும். டெல்லியிலிருந்து பார்த்தால் அது அடிவானத்தை உரசிக்கொண்டுதான் போகும். காவலூரைத் தேர்ந்தெடுத்த காரணம் கண்ணெதிரே.

குறைகளையும் சொல்ல வேண்டும். மேகம் வந்தால் இரவுக் காட்சி கிடையாது, யாரையும் குறை சொல்ல முடியாது. கிளம்பும் வாரத்தில் நிறுவனத்தின் இணையதளத்தில் நேரத்தையும், அந்தச் சனிக்கிழமை திறப்பு உண்டா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பள்ளி மாணவர் கூட்டத்தோடு போவதானால் முன்கூட்டியே எழுதிக் கேட்பது முறை. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் படியேற முடியாதவர்களுக்கும் டோமுக்குள் சிரமம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் வரிசையிலேயே தூங்கிவிடும்.

திரும்பும்போது ஆலங்காயம், வாணியம்பாடி, நெடுஞ்சாலை என்றே வாருங்கள். ஒடுகத்தூர், அணைக்கட்டு வழியாக வேலூருக்குக் கிலோமீட்டர் குறைவு என்று மேப் காட்டும். பகலில் அழகான சாலை. இரவில் வளைவும் காட்டுப்பன்றியும் எதிரே டிம் அடிக்காமல் வரும் லாரியும் சேர்ந்து, மிச்சம் பிடித்த நேரத்தைத் தின்றுவிடும்.

வயதான அப்பா அம்மாவை விட்டுவிட்டுப் போக முடியாதவர்களுக்கு இந்தப் பயணம் ஒத்துவராது. அவர்களுக்குச் சோளிங்கர் இருக்கிறது. பெரிய மலைக்கு 1,305 படி ஏற வேண்டியிருந்த நரசிம்மர் கோயிலுக்கு 2024-லிருந்து ரோப்கார் ஓடுகிறது. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். சனி, ஞாயிறும் கார்த்திகை மாதமும் தவிர்த்து, விடுமுறையில் கிடைக்கும் ஒரு செவ்வாயோ புதனோ போங்கள். பலத்த காற்று வீசினால் ரோப்கார் நிறுத்தப்படும் என்பதால், ஆடி மாதக் காற்றில் பெரியவர்களோடு கிளம்புமுன் ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள்.